அலரும் அறத்தொடு நிற்றலும்: மலையாளத் திரைப்படங்களில் தன்பால் காதல்

முன்னுரை

சங்க அகப்பாடல்கள் காதலை இருவரின் தனியுணர்வாக மட்டும் காட்டுவதில்லை. ஊரின் பேச்சும் தாயின் காவலும் தோழியின் சொல்லும் சேர்ந்தே காதலின் போக்கை வகுக்கின்றன. களவு, அலர், இற்செறிப்பு, நொதுமலர் வரைவு, அறத்தொடு நிற்றல், உடன்போக்கு, வரைவு என்பன காதலுக்கும் சமூகத்துக்கும் இடையே நிகழும் உரையாடலின் படிநிலைகள் எனலாம். சமூகம் ஏற்க மறுக்கும் காதலைப் பாடுபொருளாகக் கொள்ளும் படைப்பில் இப்படிநிலைகள் என்னவாகின்றன? இவ்வினாவுக்கு விடைகாணும் நோக்கில், பழஞ்சேர நாட்டின் பெரும்பகுதியை உள்ளடக்கிய கேரளத்தில் உருவான மூன்று திரைப்படங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அவை பத்மராஜனின் ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ (1986), லிஜி ஜே. புல்லாப்பள்ளியின் ‘சஞ்சாரம்’ (2004), ஜியோ பேபியின் ‘காதல் தி கோர்’ (2023) ஆகியன.

தொல்காப்பியம் தலைவன், தலைவி என்னும் இணையையே கொண்டு அகத்தை வகுத்தது. தன்பால் காதலுக்கு அந்நூல் இடமளித்தது என நிறுவுவது இக்கட்டுரையின் கருத்தன்று. காதலின் சமூகப் போக்கை அளக்க அகமரபு தரும் அளவுகோலை இப்படங்களோடு பொருத்திப் பார்ப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

அலரின் திசை

அகப்பாடல்களில் அலர் கொடியது; தலைவியை நலியச் செய்வது. ஆயினும் அதற்கு ஒரு திசை உண்டு. களவை வெளிப்படுத்தித் தலைவனை வரைவுக்கு விரைவுபடுத்துவது அலரின் இலக்கியப் பயன். தோழி அலரை எடுத்துரைப்பதும் இதன்பொருட்டே. ஊரின் வாய் தூற்றினாலும், அத்தூற்றலின் மறுமுனையில் திருமணம் என்னும் வாயில் திறந்தே இருக்கிறது.

தன்பால் காதலில் இவ்வாயில் அடைபடுகிறது. வரைவு இல்லாத இடத்தில் அலர் வெறும் இழிவுரையாக எஞ்சுகிறது. பத்மராஜனின் படத்தில் சாலி, நிம்மி என்னும் பள்ளி மாணவியர் இருவர் தம் பள்ளியை விட்டு வெளியேறுகின்றனர். நிகழ்ச்சியளவில் இது உடன்போக்கே. ஆனால் அகமரபின் உடன்போக்கில் சென்று சேர ஓர் ஊர் உண்டு. இடைச்சுரத்துக் கண்டோரின் பரிவும் உண்டு. இம்மாணவியருக்குச் சேருமிடம் இல்லை. இவர்களின் உறவுக்குப் படமும் பெயரிடுவதில்லை. இறுதியில் இருவரும் உயிர் துறக்கின்றனர். இம்முடிவைக் கதையமைப்பின் தேவையாக மட்டும் கொள்ளவியலாது. கேரளத்தில் பெண் இணையர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தொடர்ந்து வெளிவந்த சூழலில்தான் 2002இல் ‘சகயாத்ரிகா’ என்னும் அமைப்பு அங்குத் தோன்றியது. திரையில் கண்ட முடிவு வீதியிலும் நிகழ்ந்தது என்பதே இத்திறனாய்வுக்குப் பின்னால் உள்ள துயரம்.

அலர் ஊரார் வாயிலிருந்து மட்டும் எழுவதில்லை. ஓவியன் ஒருவனுக்கும் அவனுடைய ஓவியங்களுக்கு உருவமாக நிற்கும் கபடி வீரனுக்கும் இடையிலான காதலைக் கூறும் ஜெயன் செரியனின் ‘க பாடிஸ்கேப்ஸ்’ படத்துக்குத் தணிக்கை வாரியம் 2016இல் சான்றிதழ் மறுத்தது. காதலர் மீது எழும் அலர், அக்காதலைக் காட்சியாக்கும் கலைஞர் மீதும் எழுகிறது என்பதற்கு இது சான்று.

தூதும் பெயரும்

‘சஞ்சாரம்’ இம்மரபை உள்ளிருந்தே திருப்புகிறது. கிரண், டெலைலா இருவரும் இளமை முதல் தோழியர். டெலைலாவை விரும்பும் ராஜனுக்காகக் கிரண் காதல் மடல்கள் எழுதித் தருகிறாள். தூது செல்பவளே காதலிப்பவளாக அமையும் இவ்வமைப்பு தமிழ் மாணவர்க்கு வியப்பளிப்பது. அகத்தில் தோழி தலைவியின் நெஞ்சை அறிந்து பிறர்க்கு உரைப்பாள்; இங்கோ தோழி தன் நெஞ்சையே பிறன் பெயரில் உரைக்க நேர்கிறது. சொல் உண்மையானது, கையொப்பம் மட்டுமே பொய்.

அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய நெறி. அப்பெயரின்மை காதலை எல்லார்க்கும் பொதுவாக்கும் உத்தி. கிரணின் பெயரின்மையோ அச்சத்தின் விளைவு. முன்னது விரிவு, பின்னது அழிப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும். உறவு வெளிப்பட்டபின் இற்செறிப்பும் நொதுமலர் வரைவும் மரபுப்படியே நிகழ்கின்றன. திருமண வேளையில் டெலைலா கிரணின் பெயரை உரக்க அழைக்கிறாள். அகம் மறைத்த பெயர் இங்கு உரத்துச் சொல்லப்படுவதே படத்தின் உச்சம். சாவின் விளிம்பில் நின்ற கிரண் வாழ்வுக்குத் திரும்புகிறாள். 1986இன் முடிவுக்கு 2004 தந்த மறுமொழியாக இதனைக் கொள்ளலாம்.

அறத்தொடு நிற்போர்

களவை உரியோர்க்கு உரைத்துக் காதலை அறத்தின் பக்கம் நிறுத்துவது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைக்க, உண்மை படிப்படியாக இல்லத்துள் பரவும். ‘காதல் தி கோர்’ படத்தில் இப்பணியைச் செய்பவள் மனைவி ஓமனா என்பது நோக்கத்தக்கது. உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடும் மாத்யூ தேவஸ்ஸியிடமிருந்து மணவிலக்குக் கோரி அவள் வழக்குத் தொடுக்கிறாள். தன் இழப்பையும் கணவனின் சிறையையும் ஒருங்கே அறிந்தவள் அவள். பழிக்கும் நோக்கின்றி உண்மையை அவைக்குக் கொணர்வதால், மணத்தை முறிக்கும் வழக்கே இருவர்க்கும் விடுதலையாகிறது.

எனினும் இப்படத்தின் வரையறையும் இங்கேயே உள்ளது. மாத்யூவும் தங்கனும் ஒருவரோடொருவர் பேசும் சொற்கள் மிகக் குறைவு. அவர்கள் காதலைப் பிறரே பேசுகின்றனர். ‘சஞ்சாரம்’ காதலர்க்கு நெருக்கத்தைத் தந்து சமூக ஏற்பைத் தரவில்லை. ‘காதல் தி கோர்’ ஏற்பைத் தந்து நெருக்கத்தைப் பார்வையளவில் நிறுத்துகிறது. மம்மூட்டி போன்ற பெருநடிகர் இப்பாத்திரத்தை ஏற்றதால் படம் பெருந்திரளான பார்வையாளரைச் சென்றடைந்தது. அத்திரளின் பொறுமைக்குப் படம் கொடுத்த விலை இம்மௌனம் எனலாம்.

முடிவுரை

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பால் உறவைக் குற்றமெனும் நிலையிலிருந்து விடுவித்தது. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளிக்க மறுத்தது. அகமரபின் சொல்லில் கூறின், களவு குற்றமன்று, வரைவுக்கு வழியில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில் தமிழ்நாடு அரசு 2022இல் இம்மக்களைக் குறிக்க மதிப்புடைய சொற்களின் தொகுப்பை வெளியிட்டது. பெயரிடும் பணி அரசளவில் தொடங்கிய பின்னும், அகத்தைக் கற்பிக்கும் தமிழ்த் துறைகள் மௌனம் காப்பது பொருந்தாது.

ஒத்த அன்பே ஐந்திணையின் உயிர் என்று வகுப்பறைகளில் கூறுகிறோம். அவ்வன்பு கொண்ட மாணவர் அதே வகுப்பறையில் பெயரின்றி அமர்ந்திருக்கக்கூடும். அகமரபு தோழிக்கு அளித்த பணி, தலைவியின் உண்மையை அஞ்சாது எடுத்துரைப்பது. இன்று அப்பணி படைப்பாளரைச் சேர்ந்தது; திறனாய்வாளரையும் சேர்ந்தது.