முதல் தேர்வுக்கு முன்னால்

டென்மார்க்கின் யூட்லாந்துத் தீபகற்பத்தில், கடல் நிலத்துக்குள் நீண்டு வந்து முடிகிற இடத்தில் இருக்கிறது வைலே. மக்கள்தொகை ஏறத்தாழ அறுபதாயிரம். 1891-ல் தொடங்கப்பட்ட இந்த ஊர்க் கால்பந்து கிளப் 1958, 1971, 1972, 1978, 1984 என ஐந்து முறை டென்மார்க் சாம்பியன் ஆகியிருக்கிறது. 1977-ல் கெவின் கீகனையும் மிஷேல் பிளாட்டினியையும் பின்னுக்குத் தள்ளி, ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் தோர் விருதை வாங்கிய ஆலன் சிமன்சன் இந்த ஊர்க்காரர். 2005 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டுக்குப் போன தோமஸ் கிராவெசனும் இங்கே பிறந்து, இதே கிளப்பில் ஆடி வளர்ந்தவர்தான்.

இவர்கள் யாரையும் எந்த டிராஃப்டும் முதல் ஆளாக அறிவிக்கவில்லை. ஆட்டக்காரர்களைக் கிளப்களுக்கு வரிசைப்படி பிரித்துக் கொடுக்கும் டிராஃப்ட் என்ற ஏற்பாடே டென்மார்க்கில் கிடையாது. அதனால்தான் டிராஃப்டை எடைபோட வைலே நல்ல இடம் என்று நினைக்கிறேன். அந்த முறை எதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது அது இல்லாத ஊரில்தான் தெளிவாகத் தெரிகிறது.

டிராஃப்டின் அடிப்படை எண்ணம் நியாயமானது. லீக்கில் சேர வரும் ஆட்டக்காரர்களை ஒரே பட்டியலில் வைக்கிறார்கள். கிளப்கள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கின்றன. சென்ற பருவத்தில் கடைசியில் இருந்த அணிக்கோ புதிதாகச் சேர்ந்த அணிக்கோ முதல் வாய்ப்பு. பணமுள்ள கிளப் எல்லா நல்ல பையன்களையும் வாரிக்கொண்டு போக முடியாது. தோற்ற அணியின் ரசிகருக்கு அடுத்த ஆண்டு மேல் ஒரு நம்பிக்கை பிறக்கிறது. புதிதாகத் தொடங்கும் லீக்குக்கு இது சின்ன விஷயம் அல்ல. முதல் இரண்டு பருவங்களிலேயே ஒரு அணி மற்றவற்றை நொறுக்கித் தள்ளினால், மைதானத்துக்கு யார் வருவார்கள்?

நடைமுறையில் என்ன நடந்தது? அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்கில் 2004 டிராஃப்டின் முதல் தேர்வு பதினான்கு வயது ஃபிரெடி ஆடு. அந்த முதல் வாய்ப்பு உண்மையில் டல்லாஸ் அணியிடம் இருந்தது. பையனின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த டி.சி. யுனைடெட் அதைக் கைமாற்றி வாங்கிக்கொண்டது. அடுத்த பெலே என்ற பேச்சின் பாரத்தை அந்த வயதில் அவர் தலையில் ஏற்றினார்கள். கிளப் கிளப்பாக மாறி, எதிர்பார்ப்பின் அருகில்கூட வராமல் அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது. அதே நாளில் எட்டாவதாக எடுக்கப்பட்டவர் கிளின்ட் டெம்ப்சி. அவர் இங்கிலாந்தின் ஃபுல்ஹாமில் நாயகன் ஆனார். நாட்டுக்காக 57 கோல்கள் அடித்து, லாண்டன் டோனவனுடன் அமெரிக்கச் சாதனையைப் பகிர்ந்துகொண்டார். எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 2014-ன் முதல் தேர்வான ஜமைக்கா கோல்கீப்பர் ஆண்ட்ரே பிளேக், பிலடெல்பியா அணியின் தூணாகவே நின்று, லீக்கின் சிறந்த கோல்கீப்பர் விருதை மூன்று முறை வாங்கினார். எனவே முதல் தேர்வெல்லாம் வீண் என்று சொல்வது பிழை. ஆனால் ஒரு பையனை எந்த வயதில் மதிப்பிடுகிறார்கள், மதிப்பிட்ட பிறகு அவனுக்கு எவ்வளவு காலம் கொடுக்கிறார்கள் என்பது வரிசை எண்ணைவிட முக்கியம்.

சிமன்சனின் கதையை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். அவருடைய உயரம் 165 சென்டிமீட்டர். உடல் அளவையும் ஓட்ட வேகத்தையும் முதலில் குறித்துக்கொள்ளும் தேர்வுக்கூடத்தில் அவர் பெயர் எத்தனையாவதாக வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். வைலே அணியோடு 1971-லும் 1972-லும் சாம்பியன் பட்டம் வென்று, மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிவிட்டு, மேற்கு ஜெர்மனியின் பொருசியா மென்ஷன்கிளாட்பாக் கிளப்புக்குப் போனார். முதல் இரண்டு பருவங்கள் பெரும்பாலும் பெஞ்சில்தான். மூன்றாவது பருவமான 1974-75-ல் லீக்கில் 18 கோல்கள். அதிலிருந்து அணிக்குத் தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள். பிறகு பார்சிலோனா, இங்கிலாந்தின் சார்ல்டன் என்று சுற்றி, 1983-ல் சொந்த ஊருக்கே திரும்பினார். அடுத்த ஆண்டு வைலே தன் ஐந்தாவது பட்டத்தை வென்றது. அவருடைய வளர்ச்சியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிளப் அவரை வேண்டும் என்று விரும்பிச் சேர்த்தது; அவரும் விரும்பிப் போனார். டிராஃப்டில் இந்த இரண்டாவது பாதி காணாமல் போகிறது. எந்த ஊரில் வாழ்வது, யாரிடம் பயிற்சி பெறுவது என்பதில் ஆட்டக்காரருக்கு வாயே கிடையாது.

நம் ஊர் அனுபவம் இன்னும் விசித்திரமானது. இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியபோது உள்நாட்டு ஆட்டக்காரர்களைப் பெரும்பாலும் டிராஃப்ட் வழியாகப் பிரித்தார்கள். 2017 ஜூலை 23 அன்று மும்பையில் நடந்த டிராஃப்டில், புதிதாகச் சேர்ந்த ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக எடுத்தது கேரளத் தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவை, விலை 1.10 கோடி ரூபாய். அப்போது அவருக்கு வயது முப்பது. மலப்புறத்திலிருந்து பாடுபட்டு மேலே வந்த சிறந்த ஆட்டக்காரர், அந்த விலைக்கு முற்றிலும் தகுதியானவர். ஆனால் இளைஞர்களை லீக்குக்குள் கொண்டுவர உருவான ஒரு முறை, இங்கே ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களைப் பங்கு பிரிக்கும் சந்தையாக மாறிவிட்டது. சமநிலையாவது கிடைத்ததா? 2014-ல் கொல்கத்தா, 2015-ல் சென்னையின் எஃப்.சி., 2016-ல் மறுபடி கொல்கத்தா, 2017-18-ல் மறுபடி சென்னையின் எஃப்.சி. நான்கு பருவங்கள், இரண்டே சாம்பியன்கள். சென்னைக்காரர்களாக நாம் மகிழ்ந்தோம் என்பது வேறு விஷயம். டிராஃப்ட் சொன்ன வாக்கு நிறைவேறவில்லை.

எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது இதுவும் அல்ல. ஒரு பையனைப் பன்னிரண்டு வயதிலிருந்து வளர்த்த மைதானத்தை டிராஃப்ட் அடியோடு மறந்துவிடுகிறது. வைலேயில் அந்த மறதிக்கு இடமில்லை, ஏனென்றால் அந்த வளர்ப்பைப் பணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தம் முடியும் முன்பு ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் ஐந்து சதவீதம் அவரை வளர்த்த கிளப்களுக்குப் போக வேண்டும். அவருடைய 12 வயது முதல் 15 வரை ஒவ்வொரு பருவத்துக்கும் கால் சதவீதம். 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் அரை சதவீதம். பத்துக் கோடிக்கு ஒருவர் கைமாறினால், பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை நான்கு பருவங்கள் வளர்த்த கிளப்புக்குப் பத்து லட்சம். நேரடியாக விற்ற கிளப்புக்கு மீதிப் பெருந்தொகை. 2021-ல் பதினெட்டு வயது வாஹித் ஃபகீரை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வைலே அனுப்பியது இந்த வழியில்தான். ஓர் ஆளை விற்ற பணம் அடுத்த பத்துப் பையன்களின் பயிற்சிக்கு உதவும் என்று தெரிந்தால், பனிக்காலத்திலும் விளக்குப் போட்டு மைதானத்தைத் திறந்து வைக்க ஒரு காரணம் இருக்கிறது. டிராஃப்டில் அந்தக் காரணம் இல்லை.

வைலே வழியைச் சொர்க்கமாகக் காட்ட முடியாது. 1984-க்குப் பிறகு அந்தக் கிளப்புக்கு லீக் பட்டமே இல்லை. 1992-ல் உருவான கோபன்ஹேகன் கிளப் தலைநகரின் பண பலத்தோடு பட்டங்களைக் குவித்துவிட்டது. வைலே 2018-ல் மேல் டிவிஷனுக்கு வந்தது, 2019-ல் இறங்கியது, 2020-ல் ஏறியது, 2022-ல் இறங்கியது, 2023-ல் மறுபடி ஏறியது. கடைசி இடத்துக்கு அமெரிக்காவில் முதல் தேர்வு பரிசு. டென்மார்க்கில் கீழ் டிவிஷன் தண்டனை. இறங்கிய கிளப்பின் வருமானம் சரிகிறது, நல்ல பையன்களை அவசரமாக விற்க வேண்டியிருக்கிறது. இந்தக் கொடுமைக்கு டென்மார்க் முறையிடம் பதில் இல்லை என்பதை டிராஃப்ட் ஆதரவாளர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் டிராஃப்டின் தாய்நாடே பாதை மாறிவிட்டதை அவர்களும் பார்க்க வேண்டும். கிளப் தன் அகாடமியில் வளர்த்த பையனை டிராஃப்ட் இல்லாமலே ஒப்பந்தம் செய்யலாம் என்று 2008-ல் எம்.எல்.எஸ். விதி கொண்டுவந்தது. வான்கூவர் அகாடமியிலிருந்து பயர்ன் மியூனிக்குக்குப் போன அல்ஃபோன்சோ டேவிஸ் டிராஃப்ட் வாசலையே மிதிக்கவில்லை. அங்கே பெண்களுக்கான லீக்கான என்.டபிள்யூ.எஸ்.எல். 2024-ல் ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்த உடன்பாட்டில் டிராஃப்டையே ஒழித்தது. தாங்கள் எங்கே ஆடுவது என்பதைத் தாங்களே முடிவு செய்யும் உரிமையை அந்தப் பெண்கள் வாங்கிவிட்டார்கள்.

இந்தியாவிலும் 2017-க்குப் பிறகு டிராஃப்ட் இல்லை. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். குமரி மாவட்டக் கடற்கரையில் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டிக்காக ஐ-லீக்கில் ஆடிவிட்டு 2018-ல் ஜாம்ஷெட்பூர் சென்றார். எந்த வரிசையிலும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மாற்றத்தின் முதல் பாதி இது. அவரைப் போன்ற பையன்களைக் கடற்கரை மணலில் உருவாக்கும் ஊர்க் கிளப்களின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். பையன் பன்னிரண்டு வயதில் எங்கே ஆடினான் என்பதற்குச் சீட்டு இருக்க வேண்டும். அவன் பெரிய தொகைக்குக் கைமாறும் நாளில் கால் சதவீதமாவது அந்த மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். வைலேயைப் பார்த்து நாம் கடன் வாங்க வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான். குமரியின் தூத்தூர் முதல் சென்னை வியாசர்பாடி வரை அதை எழுதத் தொடங்க மாநிலக் கால்பந்துச் சங்கத்துக்குக் கோடிகள் தேவையில்லை.