லயத்து வீட்டின் மற்ற உறுப்பினர்

ஒரு நிலத்தின் இயல்பை அறிய அந்நிலத்தின் கருப்பொருளைக் காண வேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அவர் வகுத்த பட்டியலில் விலங்கும் பறவையும் ஒதுக்கப்பட்டவை அல்ல. தெய்வத்தோடும் தொழிலோடும் ஒரே வரிசையில் நிற்பவை. மரபியலிலோ, உயிர்களின் இளமைக்கு வழங்கும் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பதையும் அவர் தொகுத்துத் தருகின்றார். இத்தனை பெயர்களை வைத்திருந்த ஓர் இனம், விலங்கைத் தொலைவில் நின்று கண்ட இனமாக இருக்க முடியாது. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று இன்றும் வழங்கும் சொற்களில் அந்த உறவு உயிரோடிருக்கிறது.

இந்த அளவுகோலை மலேசியத் தோட்டப்புற இலக்கியத்தின்மேல் வைத்துப் பார்ப்பது பயனுடையது. அதில் மரம் உண்டு. பால்மரம் இல்லாத தோட்டக் கதை இல்லை. தொழில் உண்டு, விடியலுக்கு முன் எழும் பெரட்டு மணி முதல் பால் நிறுக்கும் கொட்டகை வரை அது நுணுக்கமாகவே எழுதப்பட்டிருக்கிறது. மாரியம்மனும் முனியாண்டியும் உண்டு. தப்பும் உறுமியும் உண்டு. விலங்கும் பறவையும்தாம் மங்கிய கோடுகளாக நின்றுவிட்டன. மகள் திருமணத்துக்கு விற்கப்படும் பசு, இரவில் ஊளையிட்டுச் சாவை அறிவிக்கும் நாய், அடுத்த வீட்டாரோடு சண்டை மூட்டும் கோழி என்று மூன்று நான்கு வார்ப்புகளுக்குள் அவை அடங்கிவிடுகின்றன. அவை கதையில் வேலை செய்கின்றன, வாழவில்லை. வறுமைக்கோ அபசகுனத்துக்கோ குறியீடாகிறவை, தமக்கென ஒரு குணம் உடைய பாத்திரமாவது அரிது.

உண்மை வாழ்க்கை அப்படியா இருந்தது? நெகிரி செம்பிலானின் பகாவ், கோலாப்பிலா, தம்பின், ரெம்பாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறையைக் கேட்டால் வேறொரு படம் கிடைக்கும். லயத்தின் பின்கட்டில் கோழிக்கூண்டு, அதையொட்டி ஆட்டுப்பட்டி, சற்றுத் தள்ளி மாட்டுக்கொட்டகை. வாசலில் எவருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் சொந்தமான நாய். அது பொழுது புலருமுன் நிரைக்குள் முன்னே ஓடும். பாம்பைக் கண்டால் குரைத்து நிறுத்தும். திண்ணையோரக் கூண்டில் ஒரு மைனா, அல்லது கிளி. இவற்றோடு காட்டிலிருந்து வந்த விருந்தாளிகளும் இருந்தன. பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும் காலத்தில், தாயை இழந்த மரநாய்க்குட்டியும் அணிற்பிள்ளையும் தேவாங்கும் குரங்குக்குட்டியும் தொழிலாளியின் கைக்கு வந்தன. மலாய்க்காரர் வழியாக வந்த 'மூசாங்', 'பெரோக்' என்னும் பெயர்களோடே அவை தமிழ் வீட்டுக்குள் புகுந்தன. கடையில் விலை கொடுத்து வாங்கப்பட்டவை அல்ல அவை. வீழ்ந்த மரத்தோடு வந்து விழுந்தவை. தோட்டத்து வீட்டுக்கும் பிற நாட்டுச் செல்லப்பிராணி வீட்டுக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே.

இவ்வகை வாழ்வை நூலாக்கி உலகப் புகழ் பெற்றவர் ஜெரால்டு டரல். இந்தியாவின் ஜாம்ஷெட்பூரில் 1925 ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயர் அவர். 1928 இல் தந்தையை இழந்தபின் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1935 முதல் 1939 வரை கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவில் வாழ்ந்தது. அந்நாள்களை நினைந்து அவர் 1956 இல் வெளியிட்ட 'என் குடும்பமும் பிற விலங்குகளும்' என்னும் பொருளுடைய நூல், ஒரு வீட்டுக்குள் ஆமையும் ஆந்தையும் புறாவும் மேக்பை என்னும் பறவைகளும் கடற்காகமும் பாம்பும் தேளும் குடியேறிய கதையைச் சொல்கிறது. குட்டிகளைச் சுமந்த தாய்த்தேளைச் சிறுவன் தீப்பெட்டியில் அடைத்து வைக்க, மூத்த அண்ணன் சிகரெட் பற்றவைக்க அதைத் திறந்து, உணவு மேசையே அமளிக்காடாகும் பகுதி படித்தவர் மறக்க இயலாதது.

அந்நூலின் வெற்றி நகைச்சுவையில் மட்டும் இல்லை. தலைப்பிலேயே அது அடங்கியிருக்கிறது. 'பிற விலங்குகள்' என்ற ஒரு சொல்லால் மனிதரையும் விலங்குகளின் வரிசையில் நிறுத்துகிறார் டரல். அண்ணனைப் பார்க்கும் அதே கண்ணால் ஆமையைப் பார்க்கிறார். ஆமைக்குப் பெயர் உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு, கிணற்றில் விழுந்து இறக்கும்போது அதற்கு ஒரு சாவும் உண்டு. கூர்ந்து நோக்கும் பழக்கத்தைச் சிறுவனுக்கு ஊட்டியவர் தியோடர் ஸ்டெஃபானிடீஸ் என்னும் மருத்துவ அறிஞர். நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த நோக்கின் பயிற்சி தெரிகிறது. 1959 இல் ஜெர்சித் தீவில் டரல் நிறுவிய விலங்கினக் காப்பகத்துக்கு வித்து, அச்சிறுவனின் கண்ணிலேயே விழுந்துவிட்டது.

குறைகளும் இல்லாமல் இல்லை. மூத்த அண்ணன் லாரன்ஸ் உண்மையில் தம் மனைவியோடு தனி வீட்டில் வாழ்ந்தவர். நூலோ மனைவியை அறவே மறைத்து, அவரைக் குடும்ப வீட்டிலேயே குடியமர்த்துகிறது. சுவைக்காக உண்மை வளைக்கப்பட்டது. தீவின் உழவரும் வேலைக்காரரும் பெரும்பாலும் வேடிக்கை மனிதராகவே வந்து போகின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஓய்வின் இலக்கியம். அந்த வீட்டில் எந்த விலங்கும் குடும்பத்தின் பசியைத் தீர்க்க வேண்டியதில்லை. எதையும் விற்று எவருக்கும் மருந்து வாங்க வேண்டியதில்லை. ஆகவே விலங்குக்கு அங்கே ஒரு முகமே உண்டு: அன்பின் முகம்.

தோட்டத்து விலங்குக்கோ பல முகங்கள். தொட்டிலருகே படுத்துறங்கும் ஆட்டுக்குட்டிக்குப் பிள்ளைகள் பெயர் வைக்கின்றனர். தம் கைச்சோற்றை ஊட்டுகின்றனர். அதே குட்டி முனியாண்டிக்கு நேர்ந்துவிடப்பட்டது. திருவிழா நாளில் மாலை சூட்டி அழைத்துச் செல்கின்றனர். அன்று மாலை வீட்டில் கறி. பிள்ளை உண்ண மறுக்கிறான். தாய் அதட்டுகிறாள், பிறகு தானும் உண்ணாமல் எழுந்துவிடுகிறாள். பசுவும் அப்படித்தான்: பொங்கலன்று கொம்பில் வண்ணம் பூசி வணங்கப்படுவது, மற்ற நாளில் பால் கணக்கில் குடும்பத்தைத் தாங்குவது, கடன் முற்றிய நாளில் கயிறு மாறுவது. அன்பு, உணவு, முதல், தெய்வத்தின் பங்கு என நான்கும் ஒரே கழுத்துக் கயிற்றில் பிணைந்திருக்கும் நிலை இது. டரலுக்கு வாய்க்காத ஆழம் இங்கே கிடக்கிறது. அதை அள்ளத்தான் கைகள் போதவில்லை.

தமிழுக்கு இது இயலாத செயலும் அன்று. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' காரி என்னும் காளையை மனிதரின் மானத்தைச் சுமக்கும் உயிராக நிறுத்திற்று. தோற்ற காளையைச் சுடும் முடிவில் குற்றவாளி யார் என்ற வினா படிப்பவர் நெஞ்சில் தங்கிவிடுகிறது. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' 2011 இல் வெளிவந்த 'அறம்' தொகுப்பில் இடம்பெற்று, வனவிலங்கின் வலியை மனிதச் சிறுமையின் எதிரே வைத்தது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' 2016 இல் ஒரு வெள்ளாட்டையே கதைத்தலைவி ஆக்கிற்று. மலேசியாவிலேயே, ஆங்கிலத்தில் எழுதிய கே.எஸ். மணியம், இந்த மண்ணோடு ஒன்ற விழையும் தமிழனின் ஏக்கத்தைப் புலியைத் தேடிப் போகும் வேட்டையாகப் புனைந்தார். மலாய் மக்களின் வாய்மொழிக் கதைகளோ சின்னஞ்சிறு சருகுமானை அறிவுக்கு அரசனாக்கியுள்ளன. சுற்றிலும் இத்தனை எடுத்துக்காட்டுகள் இருக்க, லயத்து ஆடும் நாயும் மைனாவும் ஏன் வாயடைத்து நிற்கின்றன?

காரணத்தைத் தேடுவோர் எழுத்தாளரை மட்டும் குறை கூறுதல் தகாது. பள்ளிக்கூடத்தையும் கூண்டில் ஏற்ற வேண்டும். விடியலில் கொட்டகையில் சாணம் அள்ளி, கன்றுக்கு மடி விட்டு, பால் பாத்திரத்தோடு நான்கு வீடு சுற்றி, பிறகு வகுப்புக்கு வந்த மாணவனிடம் 'பசு' என்று தலைப்புக் கொடுக்கப்பட்டது. அவன் எழுதியது என்ன? பசு சாதுவான விலங்கு. அதற்கு நான்கு கால்கள், இரண்டு கொம்புகள், ஒரு வால். தன் பசு எந்தக் கையை நக்கும், எந்தக் கையை முட்டும் என்பதை அவன் அறிவான். கன்று இறந்தபின் அது எத்தனை நாள் கத்தியது என்பதையும் அறிவான். அவற்றை எழுதினால் மதிப்பெண் குறையும் என்பதையும் அறிவான். தான் அறிந்தது எழுத்துக்குத் தகுதியற்றது என்ற பாடத்தை ஆசிரியர் உலகம் அவனுக்குச் செவ்வனே கற்பித்துவிட்டது. அந்த மாணவர்களிலிருந்தே பின்னாளில் எழுத்தாளரும் தோன்றினர். வார்ப்புக் கட்டுரையில் பழகிய கை, கதையிலும் வார்ப்புப் பசுவையே வரைந்ததில் வியப்பென்ன?

விலங்கோடு வாழ்தலை இனிப்பாக மட்டும் எழுதுவதும் பிழையாகும். சிரம்பானை அடுத்த சிக்காமாட்டும் போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக்கும் அதற்குச் சான்று. 1998 ஆம் ஆண்டு பேராக்கில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், அவ்வாண்டின் இறுதியில் நெகிரி செம்பிலானின் பன்றிப் பண்ணைகளை எட்டியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி என்று முதலில் கருதி, மருந்துப்புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். 1999 மார்ச்சில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமி ஒன்றைக் கண்டறிந்தார். சுங்கை நீப்பா என்னும் சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தாவிய அந்நோய் 265 பேரைத் தாக்கி 105 உயிர்களைக் கொண்டது; பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நாய்களுக்கும் அந்நோய் தொற்றிற்று. பெலாண்டோக் என்ற மலாய்ச் சொல்லுக்குச் சருகுமான் என்பது பொருள். ஒரு சிறு விலங்கின் பெயர் தாங்கிய ஊர், விலங்கால் வந்த பெருந்துயரின் பெயராயிற்று. பண்ணையில் உழைத்த தொழிலாளியும் பன்றியை இழந்த குடும்பமும் வளர்ந்த விலங்கைக் கொல்ல நின்ற காவலனும் ஒரு பெரும் புதினத்துக்குரிய மாந்தர்.

காட்டுயிரை வீட்டில் வைத்த நினைவும் அப்படியே. தேவாங்கின் பெரிய கண்களைக் கண்டு உருகாதவர் இல்லை. ஆயினும் அது இரவில் இயங்கும் உயிர். பகல் வெளிச்சமும் பலர் கையும் அதற்குத் துன்பம். முழங்கையருகே சுரக்கும் நீர் எச்சிலோடு கலந்தால் அதன் கடி நஞ்சாகும். அதற்கஞ்சி வணிகர் அதன் பற்களை நறுக்கிவிடுவர். 2007 முதல் தேவாங்கின் உலக வாணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது. மலேசியாவிலும் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை வீட்டில் வைக்க இடந்தருவதில்லை. வீழ்ந்த மரத்தடியில் குட்டியை எடுத்து வளர்த்த தொழிலாளியின் இரக்கமும் உண்மை. அந்த இரக்கமே குட்டிக்குச் சிறையானதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவனே எழுத்தாளன். மறுபுறம், கூகை அலறினால் சாவு என்று அஞ்சிய தமிழ்த் தொழிலாளி, எலியை ஒழிக்கச் செம்பனைத் தோட்டங்களில் நிருவாகமே கூகைக்கு மரக்கூடு கட்டி வைத்ததையும் கண்டான். அபசகுனம் உதவியாளாக மாறிய அந்தக் கணத்தில் எத்தனை கதைகள் ஒளிந்துள்ளன!

காலம் குறைவு என்பதே இன்று முதன்மையான கவலை. நீலாய், சிரம்பான் 2, செண்டாயான் முதலிய புறநகர்கள் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் எழுந்துவிட்டன. தோட்டத்தைவிட்டு அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பம் அம்மியையும் சாமிபடத்தையும் ஏற்றிச் சென்றது, மாட்டை விற்றது, கோழியை அறுத்தது, நாயை விட்டுச் சென்றது. ஆளில்லாத லயத்து வாசலில் அந்நாய் எத்தனை நாள் காத்திருந்தது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. இழப்பீட்டுக் கணக்கில் அதற்கு வரியில்லை. இலக்கியத்தில்தான் வரி இருக்க முடியும்.

அந்த வரியை எழுதக்கூடிய முதியவர் இன்னும் உள்ளனர். பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கேட்டறிந்து எழுதட்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் 'பசு' என்ற தலைப்பை மாற்றி, 'தாத்தா வளர்த்த பசு' என்று கொடுக்கட்டும். நான்கு கால், இரண்டு கொம்பு என்று தொடங்கும் ஏட்டைத் திருப்பிக் கொடுத்து, அதன் பெயர் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். பெயர் வந்துவிட்டால் குணம் வரும். குணம் வந்துவிட்டால் கதை வரும். அப்போதுதான் தோட்டத்து இலக்கியத்தின் கருப்பொருள் நிறைவு பெறும்.