போல்யா சொல்லாத முதற்படி

கணக்கு வராமல் திகைத்து நிற்கும் மாணவனுக்கு ஆசிரியர் எவ்வாறு உதவ வேண்டும்? விடையைச் சொல்லிவிட்டால் அவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஒன்றுமே சொல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கிறான். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி காட்டும் நூல், ஜார்ஜ் போல்யா எழுதிய ‘ஹௌ டு ஸால்வ் இட்’. 1945-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட இச்சிறு நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இன்றும் படிக்கப்படுகிறது. கணிதம் மட்டுமன்றி, தொழிலிலும் நிர்வாகத்திலும் எழும் சிக்கல்களுக்கும் இதன் முறையே போதும் என்று கருதுவோர் உண்டு. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதை இங்கே ஆராய்வோம்.

போல்யா 1887-ல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். சூரிச்சில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து, 1940-ல் அமெரிக்கா சென்றார். பின்னர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1985-ல் மறைந்தார். கணக்கைத் தீர்ப்பதில் நான்கு படிகள் உண்டு என்கிறார் அவர். கணக்கைப் புரிந்துகொள்வது, திட்டம் வகுப்பது, திட்டத்தை நிறைவேற்றுவது, கிடைத்த விடையைத் திரும்பிப் பார்ப்பது என்பனவே அவை. ஒவ்வொரு படியிலும் மாணவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளையும் பட்டியலிட்டுத் தருகிறார்.

நூலின் சிறப்புக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் தெரியும். அதன் மூலைவிட்டம் என்ன? வகுப்பறையையே பெட்டியாகப் பாவித்துப் பார்க்கச் சொல்கிறார் போல்யா. முதலில் தரையின் மூலைவிட்டம், பிறகு அதனுடன் உயரம்; பிதாகரஸ் தேற்றத்தை இருமுறை பயன்படுத்த விடை வந்துவிடுகிறது. ஆனால் அவர் அங்கே நிறுத்துவதில்லை. உயரத்தைச் சுழியாக்கினால் செவ்வகத்தின் மூலைவிட்டம் கிடைக்கிறதா? நீளத்தையும் அகலத்தையும் இடம் மாற்றினாலும் விடை மாறாமல் இருக்கிறதா? இவ்வாறு விடையைச் சோதிக்கும் பழக்கம் ஒன்றுக்காகவே இந்நூலை ஒவ்வொரு மாணவரும் படிக்கலாம்.

குறை எங்கே உள்ளது? போல்யாவின் மாணவனுக்குக் கணக்கு கையில் தரப்பட்டுவிடுகிறது. தெரிந்தவை எவை, தெரியாதது எது என்பதை வேறொருவர் முன்னரே தீர்மானித்துவிட்டார். வாழ்க்கையில் வரும் சிக்கல்கள் அப்படி வருவதில்லை. இதைப் போல்யா அறியாதவரல்லர். ஆற்றின் குறுக்கே அணை கட்டுவதை உதாரணமாகக் காட்டி, நடைமுறைச் சிக்கல்களில் தெரிந்ததும் தெரியாததும் தெளிவாக வரையறுக்கப்படுவதில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் தீர்க்கும் முறை அடிப்படையில் ஒன்றுதான் என்று மேலே சென்றுவிடுகிறார். இந்த இடத்தில்தான் அவரோடு உடன்பட முடியவில்லை.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் செய்யும் தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும், 9.6 வருகிறது. மாணவர் என்ன செய்கிறார்? அலைவு நேரத்தைச் சற்றுத் திருத்தி 9.8 ஆக்கிவிடுகிறார். சிக்கல் தீரவில்லை, மறைக்கப்பட்டது. திருத்தாமல் வெவ்வேறு நீளங்களில் வந்த விடைகளை வரிசையாக எழுதியிருந்தால் வேறு கதை. 99 செ.மீ. நீளத்துக்கு 9.7, 49 செ.மீ.க்கு 9.6, 19 செ.மீ.க்கு 9.3 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். நீளம் குறையக் குறையப் பிழை வளர்கிறது. கடிகாரம் ஒரே விகிதத்தில் தவறாக ஓடினால் எல்லா நீளத்துக்கும் பிழை ஒரே விகிதத்தில் அல்லவா இருக்க வேண்டும்? ஆகவே பிழை நீளத்தில்தான். நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தின் வர்க்கத்தை வரைந்தால், நேர்கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் ஒரு செ.மீ. தள்ளி நீள அச்சை வெட்டும். குண்டின் ஆரத்தைக் கூட்டாமல் நூலை மட்டும் அளந்திருக்கிறார் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். பிழை எங்கே மிகுதி, எங்கே குறைவு என்று ஒப்பிட்டதே சிக்கலை அடையாளம் காட்டியது.

இதே ஒப்பீடு உயிர்காத்த வரலாறு ஒன்று உண்டு. போல்யாவின் நகரத்திலேயே 1818-ல் பிறந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். வியன்னா மருத்துவமனையில் இரு பிரசவப் பகுதிகள் இருந்தன. 1846-ல் முதற்பகுதியில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார்கள் இறந்தனர். இரண்டாம் பகுதியில் 3754-ல் 105 பேரே இறந்தனர். பெரும்பாலும் பிரசவ ஜன்னியே காரணம். காற்றில் கலந்த தீய சக்தி என்றனர் சிலர். ஒரே நகரத்தின் காற்று ஒரு பகுதியை மட்டும் தாக்குமா? நெரிசல் என்றனர் வேறு சிலர். நெரிசல் இரண்டாம் பகுதியில்தான் அதிகம். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளியபின் ஒரு வேறுபாடு எஞ்சியது. முதற்பகுதியில் மருத்துவ மாணவர்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரேதப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847-ல் பிரேதப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமுற்ற ஒரு பேராசிரியர் அதே நோய்க்குறிகளுடன் இறந்ததும் செம்மல்வைஸுக்கு விளங்கிவிட்டது. அவ்வாண்டு மே மாதம் முதல் சலவைத்தூள் கரைசலில் கை கழுவச் செய்தார். 1848-ல் முதற்பகுதியில் 3556 பிரசவங்களில் இறந்தோர் 45 பேர் மட்டுமே.

கை கழுவுதல் எளிய தீர்வு. அதைக் கண்டுபிடிப்பதற்குக் கணிதத் திறமை வேண்டியதில்லை. ‘ஜன்னியை எப்படிக் குணப்படுத்துவது’ என்ற கேள்வியை விடுத்து, ‘இங்கே இருந்து அங்கே இல்லாதது எது’ என்று கேட்டதே அரிய செயல். இக்கேள்வியை நிர்வாகத்துறைக்கு ஒரு முறையாக வகுத்துத் தந்தவர்கள் சார்லஸ் கெப்னர், பெஞ்சமின் டிரிகோ என்னும் இரு அமெரிக்கர்கள். 1965-ல் வெளிவந்த ‘தி ரேஷனல் மானேஜர்’ என்ற நூலில், இருக்கவேண்டிய நிலைக்கும் இருக்கும் நிலைக்கும் உள்ள விலகலே சிக்கல் என்றார்கள். அது எங்கே உண்டு, எங்கே இல்லை, எப்போது உண்டு, எப்போது இல்லை என்று எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். போல்யாவின் முதற்படிக்கும் முன்னால் வரவேண்டிய படி இதுதான்.

இன்னொன்றும் கூற வேண்டும். போல்யாவின் கணக்கில் விடை வந்ததும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நிறுவனங்களில் அப்படி இல்லை. செம்மல்வைஸின் தீர்வை ஏற்பது என்றால், தங்கள் கைகளே தாய்மார்களின் சாவுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் ஏற்க வேண்டும். பலர் மறுத்தார்கள். செம்மல்வைஸும் தம் முடிவுகளை விரிவான நூலாக வெளியிட 1861 வரை தாமதித்தார். 1849-ல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865-ல் மனநோய் விடுதியில் இறந்தார். சிக்கல் யாருடையது, அது தீர்ந்தால் யாருக்கு இழுக்கு என்று கேட்காத எந்த முறையும் அலுவலகத்திலோ ஆலையிலோ பாதி வழிதான் செல்லும்.

இவற்றால் போல்யாவின் நூல் மதிப்பிழந்துவிடாது. கணிதம் கற்பிக்க அவர் எழுதினார். அதை அருமையாகச் செய்தார். எல்லாப் பூட்டுக்கும் இதுவே சாவி என்று நாம் எண்ணுவதுதான் தவறு. மாணவர்கள் இந்நூலைப் படிக்கட்டும். அதன் கேள்விப் பட்டியலுக்கு மேலே ‘எது தவறாக இருக்கிறது, எங்கே தவறாக இல்லை’ என்ற கேள்வியைத் தம் கையாலேயே எழுதிக்கொள்ளட்டும். ஆசிரியர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். திருத்தி எழுதிய 9.8-ஐ விட, திருத்தாத 9.6-க்கும் அது ஏன் வந்தது என்ற நான்கு வரி விளக்கத்துக்கும் கூடுதல் மதிப்பெண் தரலாம்.