நாகம்மாளின் துயரம்

பருத்தி ஏலத்துக்கு மூட்டைகள் வந்திறங்கும் மூலனூரிலிருந்து தாராபுரம் செல்லும் வழியில், வானம் பார்த்த காடுகளைக் காணும்போதெல்லாம், அதே வட்டாரத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட 'நாகம்மாள்' என்னும் சிறு நாவலும், அதில் ஒரு விதவையின் மனோவேதனையை அவர் கையாண்ட விதமும் என் ஞாபகத்துக்கு வருகின்றன.

சாதாரண எழுத்தாளர் ஒரு கைம்பெண்ணைப் படைத்தால், அவளை அழவைத்து நம் அனுதாபத்தைச் சம்பாதித்துக்கொண்டு திருப்தியடைந்துவிடுவார். பத்திரிகைக் கதைகளில் இந்த வியாபாரம் என்றைக்கும் நொடித்ததில்லை. சண்முகசுந்தரமோ, கணவனை இழந்து, பெண்குழந்தை முத்தாயியோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் வாழும் நாகம்மாளின் துக்கத்தைக் கண்ணீராக ஒழுகவிடாமல், சுடுசொல்லாகவும், எவருக்கும் அடங்காத பிடிவாதமாகவும், தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கும் வேட்கையாகவும், ஊரே அஞ்சும் கெட்டியப்பனோடு கொண்ட சிநேகமாகவும் உருமாற்றுகிறார். சின்னப்பனும் அவன் மனைவி ராமாயியும் கொடியவர்களல்லர் என்பதே இதன் நுட்பம். கொடுமைக்காரர் எவருமில்லாத வீட்டில், தனக்கு உரியதையே பிறர் கையால் வாங்கி உண்ண நேர்வது ஒருத்தியின் நெஞ்சில் ரணமாகிவிடுகிறது. அது சின்னப்பனின் கொலையில் போய் முடிகையில், அவளை மன்னிக்கவும் இயலாமல், வெறுக்கவும் இயலாமல் திகைக்கிறோம்.

கொங்குப் பேச்சுக்காகவும், வட்டார நாவலின் முன்னோடி என்பதற்காகவும் விமர்சகர்கள் இந்நூலைப் போற்றுகின்றனர்; எனக்கோ இந்த மனச்சித்திரமே பெரிது. 1917இல் பிறந்த ஆசிரியருக்கு, நூல் வெளிவந்தபோது வயது ஏறக்குறைய 25.