அந்த இரண்டு மூன்று எழுத்துகளை நறுக்கும்போது

ஆர்என்ஏ சீக்வென்ஸிங் தரவில் மரபணு மாறுபாடு தேடுகிறோம் என்றால், எல்லோரும் கடைசியில் வரும் பட்டியலைத்தான் கேட்பார்கள். எனக்கோ அதற்கு முந்தைய தயாரிப்பு வேலைதான் உயிர். அதிலும் பிராட் இன்ஸ்டிட்யூட்டின் ஜிஏடிகே தொகுப்பில் 'ஸ்ப்ளிட்-என்-சிகார்-ரீட்ஸ்' என்றொரு கருவி இருக்கிறதே, அதை எழுதியவர்களின் கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும்!

செல்லுக்குள் இன்ட்ரான்கள் வெட்டி எறியப்பட்டு, எக்ஸான்கள் ஒட்டிய பிறகுதான் எம்ஆர்என்ஏ முதிர்கிறது. அதைப் படித்து ஜீனோமோடு பொருத்தினால், 100 எழுத்துள்ள ஒரு ரீட், அதாவது படித்த துண்டு, '40எம் 1200என் 60எம்' என்று உட்காரும். 40 எழுத்து ஓர் எக்ஸானில். 1200 எழுத்து தாண்டி, மீதி 60 அடுத்ததில். இந்தக் கருவி அந்த ரீடை இரண்டாகப் பிரிக்கிறது. எக்ஸான் விளிம்பைத் தாண்டி இன்ட்ரானுக்குள் இரண்டு மூன்று எழுத்து தவறாக நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் நறுக்கிவிடுகிறது. பொய் மாறுபாடுகள் பல கிளம்புவது அந்த நீட்டலிலிருந்துதான். வெட்டுவதற்கு முன்னும் பின்னும், ரீடுகளைப் படமாகக் காட்டும் ஐஜிவி மென்பொருளில் திறந்து பாருங்கள்: எக்ஸான் ஓரத்தில் கொத்தாக நின்ற வண்ண எழுத்துகள் காணாமல் போய், விளிம்பு பளிச்சென்று தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

இன்னொரு நுணுக்கம். ரீடுகளை ஜீனோமோடு பொருத்தும் ஸ்டார் மென்பொருள், ஒரே இடத்தில் மட்டும் பொருந்தும் ரீடுக்கு 255 என்று பொருத்தத் தர மதிப்பெண் போடும். ஜிஏடிகேயின் கணக்கில் 255 என்றால் 'தெரியாது'. அதையும் இதே கருவி 60 ஆக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. என்ன கரிசனம்!

ஸ்டாரையும் சொல்லாமல் விட முடியாது. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் அலெக்சாண்டர் டோபின் உருவாக்கியது. இரண்டு சுற்று ஓட்டினால், முதல் சுற்றில் கண்ட புதிய எக்ஸான் இணைப்புகளை வைத்துக்கொண்டு இரண்டாவது சுற்றில் ரீடுகளை மறுபடி பொருத்தும். வழிதவறிய எழுத்துகள் பல அங்கேயே வீடு சேர்ந்துவிடும். நகல் ரீடுகளைக் குறிப்பதும், எழுத்துத் தர மதிப்பைத் திருத்துவதும் டிஎன்ஏ தரவில் செய்கிற அதே வேலைதான்.

எவ்வளவு சுத்தம் செய்தாலும் ஏ இருந்த இடத்தில் ஜி தெரிகிற மாற்றங்கள் சில நிற்கும். அவற்றில் பல, ஏடார் நொதி செய்த ஆர்என்ஏ திருத்தங்கள், டிஎன்ஏவில் இருக்காது. அறியப்பட்ட திருத்த இடங்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை ஒதுக்குங்கள்.

ஆர்என்ஏ தரவு கையில் இருப்பவர்களே, மரபணு வெளிப்பாட்டை மட்டும் எண்ணிவிட்டு மூடி வைக்காதீர்கள். ஒரே ஒரு மாதிரியையாவது இப்படித் தயார்செய்து பாருங்கள்!