தமிழிற் கணிதக் குறியீடும் இணைய உலாவியும்: ஒரு மதிப்பீடு

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை நோக்குவோர் கோப்பாயைப் புறக்கணித்துச் செல்ல முடியாது. சிறுப்பிட்டியிற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியிற் கல்வி கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1852 ஆம் ஆண்டிலே ஆசிரியப் பணி தொடங்கியது இவ்வூரிலேயாகும். பின்னாளில் வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி முதலியவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர் அவர். அவரோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகிய கறோல் விசுவநாதபிள்ளை, 1855 இல் ‘வீசகணிதம்’ என்னும் நூலை வெளியிட்டார். இன்று இலங்கையில் அட்சரகணிதம் என வழங்கும் துறையைத் தமிழில் எடுத்துரைத்த முன்னோடி நூல்களுள் அஃது ஒன்று. ஒருவர் பதிப்பாசிரியர், மற்றவர் கணித ஆசிரியர். இவ்விருவர் பணிகளும் வெவ்வேறு துறைகளைச் சார்ந்தனவாகவே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின் இணையப் பக்கத்திலே தமிழிற் கணிதம் எழுத முற்படுமிடத்து அவ்விரண்டும் ஒரே பணியாகிவிடுகின்றன. அப்பணி இன்று எவ்வாறு நடைபெறுகின்றது, அதற்குரிய கருவிகள் தமிழுக்கு எந்த அளவுக்கு இடந்தருகின்றன என்பன மதிப்பிடத்தக்கன.

ஏட்டுச் சுவடியிலே செய்யுள் அடி பிரிக்கப்படாது ஒரே ஓட்டமாக எழுதப்படும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஓடுகின்ற வரியினுள் மறைந்து கிடக்கும் அமைப்பைக் கண்டு, சீரும் அடியும் பிரித்துக் காட்டுவதே பதிப்பாசிரியன் கடன். கணிதத்திலோ இச்சிக்கல் வேறொரு வடிவிலே தோன்றுகின்றது. பழந்தமிழ்க் கணக்கிற் பின்னம் தனியொரு குறியாகவே எழுதப்பட்டது. 1/20 ஆகிய மாவுக்கும், 1/80 ஆகிய காணிக்கும், 1/320 ஆகிய முந்திரிக்கும் வெவ்வேறு குறிகள் இருந்தன. அவை வரியோடு வரியாக நின்றன. (இக்குறிகள் 2019 இல் வெளிவந்த யுனிகோட் 12 ஆம் பதிப்பிலே தமிழ்த் துணைத் தொகுதியாக இடம்பெற்றுள்ளன.) ஐரோப்பிய அட்சரகணிதம் வந்தபோது நிலைமை மாறியது. தொகுதி மேலும் பகுதி கீழுமாக நிற்கும் பின்னம், தோளில் ஏறி நிற்கும் சுட்டி, தன்னுள் அடங்கியவற்றின் நீளத்துக்கேற்ப நீளும் வர்க்கமூலக் குறி ஆகியவை வரிக்குள் அடங்காதன. ஈய எழுத்துக்களை வரியாகக் கோக்கும் அச்சுக்கோப்பாளருக்கு அவை பெருந்தொல்லையாயின.

இத்தொல்லைக்குக் கணினி வழியாகத் தீர்வு கண்டவருள் தலையாயவர் டொனால்ட் குனூத். தமது நூலொன்றின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தரக்குறைவு கண்டு வருந்திய அவர், 1977 இல் ‘டெக்’ என்னும் மென்பொருளை வகுக்கத் தொடங்கினார். அதன் அடிப்படைக் கருத்து எளிமையானது. எழுதுவோர் வாய்பாட்டை ஒரே வரியிலே தட்டச்சிடுவார். பின்னம் என்னும் கட்டளை முதலில் வரும். அதனையடுத்து நெளிவடைப்புக்குள் தொகுதி. மீண்டும் நெளிவடைப்புக்குள் பகுதி. ஏட்டுச் சுவடியைப் போன்று ஓடும் இவ்வரியின் அமைப்பைப் பிரித்தறிந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய இடத்தைக் கணித்து அடுக்குவது மென்பொருளின் வேலையாகும்.

இணையம் பரவியபோது இவ்வசதி அதற்கு உடனே வாய்க்கவில்லை. வாய்பாடுகள் படங்களாகவே பக்கங்களில் ஒட்டப்பட்டன. 1998 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் ‘மாத்எம்எல்’ என்னும் குறியீட்டு மொழியைப் பரிந்துரைத்தது. ஆயினும் உலாவிகள் அதனை ஒருமுகமாக ஏற்கவில்லை. பயர்பொக்ஸ் நெடுங்காலம் ஆதரித்து வந்தது. குரோம் உலாவியோ 2013 இல் ஒரு பதிப்பிற் சேர்த்து, அடுத்த பதிப்பிலேயே நீக்கிவிட்டது. மீண்டும் அது சேர்க்கப்பட்டது 2023 சனவரியிலேதான். இவ்விடைவெளியை நிரப்பியவை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட நிரல்களாகும். அமெரிக்கக் கணிதக் கழகம் முதலிய நிறுவனங்களின் ஆதரவோடு 2010 இல் முதற்பதிப்புக் கண்ட ‘மாத்ஜாக்ஸ்’, கான் அக்கடமி 2014 இல் வெளியிட்ட ‘கேடெக்’ ஆகிய இரண்டும் இவற்றுள் முதன்மையானவை. பக்கம் வாசகரின் உலாவியை அடைந்ததும் இந்நிரல்கள் அதிலுள்ள டெக் வரிகளைத் தேடிக் கண்டு, உறுப்புக்களாகப் பகுத்து, எழுத்துருவின் அளவுகளைக் கொண்டு அடுக்கிக் காட்டுகின்றன. விரைவிற் சிறந்தது கேடெக். விரிவிற் சிறந்தது மாத்ஜாக்ஸ். பதிப்பாசிரியன் ஏட்டுக்குச் செய்ததை இவை கணப்பொழுதிற் செய்கின்றன எனலாம்.

இனி, இவை தமிழை எவ்வாறு நடத்துகின்றன என்பதை நோக்குதல் வேண்டும். கணிதப் பகுதியினுள் வரும் ஒவ்வோர் எழுத்துக் குறியையும் தனித்தனி மாறியாகக் கொள்வது டெக் மரபு. உரோம எழுத்துக்கு அது பொருந்தும். தமிழுக்குப் பொருந்தாது. ‘கோ’ என்பது வாசகருக்கு ஓரெழுத்து. கணினிக்கோ ககரமும் உயிர்க்குறியுமாகிய இரு குறிகள். கட்டளையின்றி அதனைக் கணிதப் பகுதியுள் இட்டால் உயிர்க்குறி மெய்யினின்று பிரிந்து புள்ளிவட்டத்தைச் சூழ்ந்து நிற்கக் காணலாம். ‘உரை’ என்னும் கட்டளைக்குள் இட்டால் இக்கேடு நீங்கும். ஆயின் அப்போது தமிழ்ச் சொல் கணிதத்தின் உறுப்பாகாது, இடையிற் செருகப்பட்ட உரையாகவே கருதப்படும்.

அளவிலும் குறையுண்டு. கேடெக் தன்னோடு கொணரும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. எனவே வாசகரின் கணினியிலுள்ள தமிழ் எழுத்துருவை அது நாடுகின்றது. அவ்வெழுத்தின் உயரமும் இறக்கமும் அதற்குத் தெரியா. ஆதலால் உரோம ‘எம்’ எழுத்தின் அளவையே எல்லாத் தமிழெழுத்துக்கும் பொதுவாகக் கொள்கின்றது. ‘எம்’ அடிக்கோட்டுக்குக் கீழ் இறங்காத எழுத்து. தமிழிலோ ‘தூ’, ‘ழு’ போன்றவை கீழிறங்குவன. கீழ்வகுப்பு மாணவர் கற்கும் ‘வேகம் சமன் தூரம் வகுத்தல் நேரம்’ என்னும் தொடர்பைப் பின்னமாக வரியிடையே எழுதினால், ‘தூ’வின் கால் பின்னக்கோட்டில் இடிக்கக்கூடும். இது சிறு குறையே. எனினும் கருவியை அமைத்தோரின் மனத்தில் எவ்வெழுத்து இருந்தது என்பதை அது காட்டிக் கொடுக்கின்றது.

மாறிகள் உரோம எழுத்தாலேயே குறிக்கப்படுவதால் தமிழுக்கு இவ்வசதிகள் வேண்டியதில்லை என ஒரு சாரார் கூறலாம். உயர்வகுப்புக் கணிதத்துக்கு அது பெரிதும் உண்மையே. இலங்கைப் பாடநூல்களும் மாறிகளை உரோம எழுத்தாலேயே குறிக்கின்றன. ஆனால் சிறுவன் முதன்முதல் சந்திக்கும் வாய்பாடுகளில் நிற்பவை தூரம், நேரம், நீளம், அகலம் என்னும் சொற்களே. சொல்லிலிருந்து எழுத்துக்கு, எழுத்திலிருந்து அருவக் கருத்துக்கு என்பதே கற்றலின் படிமுறை. முதற்படி தாய்மொழியில் உறுதியாக இல்லாவிடின் மேற்படிகள் மனனமாகவே முடியும்.

இவ்விடத்தில் மாத்எம்எல் சற்று மேம்பட்டு நிற்கின்றது. அதிலே ஒரு முழுச்சொல்லையே ஒரு மாறியாகக் குறிக்க இடமுண்டு. ‘தூரம்’ அங்கே விருந்தாளியன்று. குடியுரிமை பெற்ற உறுப்பு. உலாவி தானே எழுத்துக்களைக் கோத்து அளப்பதால் மேற்கூறிய அளவுக் குறையும் பெரும்பாலும் ஏற்படுவதில்லை. ஆயினும் அதனைக் கையால் எழுதுவது நீண்ட வேலை. எனவே டெக் வரியை வாங்கி மாத்எம்எல்லாக மாற்றித் தரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின் தேவை இன்னும் தீரவில்லை.

இவற்றினும் ஆழமான வினா ஒன்றுண்டு: வாய்பாட்டை வாய்விட்டு வாசிப்பது எப்படி? 3/4 என்பதை ஆங்கிலேயர் மேலிருந்து கீழாக வாசிப்பர். தமிழர் ‘நான்கில் மூன்று’ என்பர். பகுதி முன்னும் தொகுதி பின்னும் வரும். வர்க்கமூலக் கட்டளை டெக் வரியில் எண்ணுக்கு முன் நிற்கும். தமிழிலோ ‘இரண்டின் வர்க்கமூலம்’ என எண்ணே முன் நிற்கும். வினையை இறுதியில் வைக்கும் மொழியின் இயல்பு கணிதத்தை வாசிக்கும் முறையிலும் ஊடுருவியிருக்கின்றது. மாத்ஜாக்ஸ் வாய்பாட்டைப் பேச்சாக மாற்றும் வசதியும் உடையது. ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, ஜேர்மன், இந்தி முதலியவற்றுக்கும் அதற்கான விதிகள் எழுதப்பட்டுள்ளன. வாய்பாடு உறுப்புப் பிரிந்து நிற்பதனாலேயே ஒவ்வொரு மொழியும் தனக்குரிய வரிசையில் அதனை வாசிக்க முடிகின்றது. பார்வையற்ற மாணவருக்குக் கணிதத்தின் வாயிலைத் திறப்பது இவ்வசதியேயாகும். தமிழுக்குரிய விதிகளை வகுக்கத் தமிழிலக்கணமும் கணிதமும் ஒருங்கே அறிந்தோர் வேண்டும்.

ஆகவே குறை முழுவதையும் கருவிகள் மீது சுமத்துதல் நேர்மையாகாது. தமிழிற் கணிதம் இணையத்தில் இன்று பெரும்பாலும் எவ்வடிவில் உள்ளது? வருடிய வினாத்தாள்கள், கைப்பேசியிற் பிடித்த பயிற்சித்தாள்கள், படமாக ஒட்டப்பட்ட சமன்பாடுகள் என்பனவே மிகுதி. படத்திலுள்ள சமன்பாட்டைத் தேட முடியாது, திருத்த முடியாது, பெருப்பித்தால் மங்கும், வாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் மௌனம். ஏட்டை நகலெடுத்து வைப்பது பாதுகாப்பாகலாம், பதிப்பாகாது. தாமோதரம்பிள்ளை ஏடுகளைச் சேகரித்ததோடு நின்றிருந்தால் கலித்தொகை இன்று வகுப்பறைக்கு வந்திராது.

கோப்பாயில் இன்று ஆசிரியர் கலாசாலையும் யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியும் அமைந்துள்ளன. தமிழ் மொழிமூலம் கணிதங் கற்பிக்கவிருப்போர் அங்கே பயிற்சி பெறுகின்றனர். டெக் வரியொன்றை எழுதப் பழகுதல் சில நாட் பயிற்சியே. கருவிகள் இலவசமானவை, அவற்றின் நிரல்களும் எவரும் திருத்துதற்குத் திறந்து கிடக்கின்றன. தமிழெழுத்தின் அளவை அறியாத நிரலுக்கு அதனை அறிவிப்பதும், ‘நான்கில் மூன்று’ என்று வாசிக்க அதற்குக் கற்பிப்பதும் பிறர் வந்து செய்யும் வேலையன்று. 1855 இல் அட்சரகணிதத்தை ஏற்ற மொழி, அதனைத் திரையில் வெறும் படமாக வைத்துக் காப்பதோடு அமையுமானால், குறைபாடு மொழியினுடையதாகாது; அம்மொழியிற் கற்பிப்போருடையதாகவே முடியும்.