தரையில் தடுமாறும் பாவனை விமானங்கள்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் மேல்காற்றைத் தென்காசி, குற்றாலப் பகுதி வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சாரலோடு வந்து குடையைத் திருப்பும். தென்காசிக் கோபுர வாசலில் ஆளையே தள்ளும். அதே காற்று கிழக்கே கயத்தாறு வரை சென்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கயத்தாறில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றும் உண்டு. இப்படிப்பட்ட காற்றில், அந்நாளைய போர் விமானம் ஒன்றைத் தரையில் நேராக ஓட்டுவது எவ்வளவு கடினம்? 'சிமுலேட்டர்' எனப்படும் பாவனைப் பறப்பு நிரல்கள் இதற்குக் கணிப்பொறித் திரையில் விடை தருகின்றன. அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று ஆராய்வோம்.

முதலில் உண்மையான விமானத்தைக் காண்போம். 1944இல் இம்பால் போர்முனையில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப் படையின் முதலாம் படையணி ஓட்டிய ஹரிக்கேன், பின்னர் வந்த ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் ஆகிய அனைத்தும் வால் சக்கர விமானங்களே. முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள். வாலடியில் ஒரு சிறு சக்கரம். 1951இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும் இவ்வகைதான். கடேகே வடிவமைத்த அந்த விமானத்தில் நம் விமானிகள் பல தலைமுறையினர் பயின்றனர்.

இவ்வகை விமானத்தின் ஈர்ப்பு மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. தொல்லை முழுவதும் இங்கிருந்தே பிறக்கிறது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பொம்மைக் காரின் பின் சக்கரங்கள் சுழலாதபடி காகிதத்தைச் செருகுங்கள். வழுவழுப்பான சாய்பலகையின் மேலிருந்து முகம் கீழ்நோக்க விடுங்கள். கார் பாதியிலேயே திரும்பி, பின்புறம் முன்னாக இறங்கும். காகிதத்தை முன் சக்கரங்களுக்கு மாற்றினால் நேராக இறங்கும். உருளும் சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக் கொள்கிறது. சறுக்கும் சக்கரத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை. பிடிப்பு முன்னாலும் எடை பின்னாலும் இருந்தால், சிறு கோணல் தானே பெருகும். வால் சக்கர விமானம் ஓடுபாதையில் இப்படிச் சுழன்றுவிடுவதைத் 'தரைச் சுழற்சி' எனலாம். விமானி சுக்கானையும் பிரேக்கையும் கொண்டு, கோணல் பெருகுமுன்பே அதைத் திருத்தியாக வேண்டும்.

இனி நிரல்களுக்கு வருவோம். 1998இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட போர் விமான நிரல் முதல், இன்றைய டி.சி.எஸ். வேர்ல்டு, இல்-2 வரிசை, இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியர் வரை பலவற்றில் ஸ்பிட்ஃபயர் போன்ற விமானங்களை ஓட்டலாம். மேலெழுந்த பின் இவை பெரும்பாலும் நன்றாகவே நடந்து கொள்கின்றன. தரையில்தான் குறைகள் தெரிகின்றன.

முதற்குறை, 'உதவி' அமைப்பு. பல நிரல்களில் சுக்கானைத் தானே திருத்தும் வசதி உண்டு. அது இயங்கும்போது ஸ்பிட்ஃபயர் நம் ஊர்ப் பேருந்தைப் போல நேராக ஓடும். தொடங்குபவருக்கு இவ்வசதி தேவையே. ஆனால் அது இயங்குவதை அறியாத மாணவன், விமானத்தின் இயல்பே அதுதான் என்று எண்ணிவிடுவான்.

இரண்டாவது, சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள உறவு. ஃபிளைட்கியரில் ஜே.எஸ்.பி.சிம் என்னும் இயக்கக் கணக்கைப் பயன்படுத்தும் விமானங்களின் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நிலை உராய்வு, இயக்க உராய்வு, உருளல் உராய்வு, சுருள்வில்லின் விறைப்பு, அதிர்வுத் தடுப்பு என்று சில எண்களே இருக்கும். அளந்து பெற்ற எண் கிடைக்காத இடத்தில் ஆக்கியவர் தம் மதிப்பீட்டை வைக்கிறார். எண் சற்றுக் குறைந்தால் விமானம் பனிக்கட்டி மேல் ஓடுவது போல் வழுக்கும்; மிகுந்தால் தண்டவாளத்தில் ஓடுவது போல் இருக்கும். மேலும், டயரின் பக்கவிசையைச் சறுக்குக் கோணத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். அக்கோணமோ பக்கவாட்டு வேகத்தை முன்னோக்கிய வேகத்தால் வகுத்துப் பெறுவது. வேகம் சுழியத்தை நெருங்கும்போது இந்த வகுத்தல் பொருளற்றுப் போகிறது. தனி ஏற்பாடு செய்யாத நிரலில், நிற்கும் விமானம் காற்றில் மெல்ல நகர்வதையும் காரணமின்றி நடுங்குவதையும் காணலாம்.

மூன்றாவது, நம் கையிலுள்ள கருவி. ஸ்பிட்ஃபயரின் பிரேக் விசை, ஓட்டுபிடியிலேயே உள்ள ஒரு கைநெம்புகோல். அதைச் சிறிதளவும் அழுத்தலாம், பெரிதளவும் அழுத்தலாம்; எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதைக் காலடியிலுள்ள சுக்கான் மிதி தீர்மானிக்கும். விசைப்பலகையில் ஒரு பொத்தானைத் தட்டுபவருக்கோ முழு பிரேக் அல்லது ஒன்றுமில்லை. இதனால் விமானம் மூக்கில் குத்திக் கவிழ்ந்தால், அதை விமானத்தின் குற்றமாகக் கொள்ளலாமா?

இவ்விடத்தில் பரவலான ஒரு தவறான எண்ணத்தை மறுத்தாக வேண்டும். 'எவ்வளவு கடினமோ அவ்வளவு உண்மை' என்று பல இளைஞர்கள் நம்புகிறார்கள். ஓடுபாதையில் பத்து முறையும் கவிழ்க்கும் நிரலே சிறந்தது என்கிறார்கள். போர்க்காலத்தில் சில நூறு மணி நேரமே பறந்திருந்த இளம் விமானிகள் ஆயிரக்கணக்கில் இவற்றை ஓட்டினர். விபத்துகள் நேர்ந்தன, ஆயினும் பெரும்பாலோர் நாள்தோறும் ஏறி இறங்கினர். உண்மை விமானியின் உடம்பு, வால் விலகத் தொடங்கியதுமே இருக்கை வழியாக அதை உணர்கிறது. திரைமுன் இருப்பவரிடம் கண் மட்டுமே உள்ளது. கண் காணும்போது கோணல் வளர்ந்திருக்கும். ஆகவே கணக்கு முழுதும் சரியாக இருந்தாலும், திரையில் ஓட்டுவது உண்மையைவிடக் கடினமாகலாம். எளிமை பொய்யாவது போல் கடினமும் பொய்யாகக் கூடும்.

அப்படியானால் ஒரு நிரலை எப்படி மதிப்பிடுவது? உதவி அமைப்புகளை நிறுத்திவிட்டு நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

ஒன்று: நடுத்தர வேகத்தில் ஓடும்போது பொறியை அடக்கிச் சுக்கானைச் சற்றே தட்டிவிட்டு விடுங்கள். கோணல் தானே பெருக வேண்டும்.

இரண்டு: தென்வடலான ஓடுபாதையில், மேற்கிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றை அமையுங்கள். காற்று வாலைத் தள்ளுவதால் மூக்கு மேற்கே திரும்ப முயல வேண்டும். காற்றுத் திசை ஓடுபாதையோடு 30 பாகைக் கோணமானால் பக்கக்காற்று 15 கிலோமீட்டராகும்; தொல்லையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

மூன்று: மெர்லின் எஞ்சின் கொண்ட ஸ்பிட்ஃபயரில் முழு விசை தாருங்கள், மூக்கு இடப்புறம் இழுக்க வேண்டும். கிரிஃபான் எஞ்சின் எதிர்த்திசையில் சுழல்வது; எனவே அவ்வகை ஸ்பிட்ஃபயர் வலப்புறம் இழுக்க வேண்டும்.

நான்கு: பிரேக்கைக் கடுமையாகப் பிடியுங்கள். வால் மேலெழ வேண்டும்.

இவற்றில் விசையின் திசையைப் பெரும்பாலான நல்ல நிரல்கள் சரியாகவே காட்டும். எவ்வளவு விசை, எவ்வளவு விரைவு என்பதில்தான் ஒன்றுக்கொன்று மாறுபடும். ஆகவே திசையை அறிய இவற்றை நம்பலாம். அளவை அறிய நம்பலாகாது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். விமானியாக விரும்பும் மாணவர்களில் பலருக்கு முதல் ஆசிரியர் இன்று இந்த நிரலே. அது தவறாகச் சொல்லித் தருவதைப் பின்னர் மறக்கச் செய்வது கடினம். இயற்பியல் படிக்கும் மாணவருக்கோ வேறொரு ஆபத்து உண்டு. திரையில் நடந்ததையே சோதனை முடிவாக எண்ணிவிடலாம். சாய்பலகையில் திரும்பும் பொம்மைக் கார் இயற்கை தரும் விடை. திரையில் திரும்பும் ஸ்பிட்ஃபயர் யாரோ எழுதிய சமன்பாடு தரும் விடை. இரண்டும் மாறுபட்டால் ஐயுற வேண்டியது சமன்பாட்டையே. பலகைச் சோதனையை முதலில் செய்துவிட்டு, அதன்பின் கணிப்பொறியின் முன் அமருங்கள்.